கூட்டுப் போர்ப்பயிற்சிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 ஆகஸ்டில் சூலூர் விமானப்படைத் தளத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் நாட்டுப் போர்விமானங்கள் நம் விமானங்களோடு பறந்த ‘தரங் சக்தி’ பயிற்சியைப் பற்றி என் மாணவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். அமெரிக்காவுடனும் பயிற்சி, ரஷ்யாவுடனும் பயிற்சி என்றால் நாம் யாருடைய அணி? இவையெல்லாம் பலத்தைக் காட்டும் விழாக்கள்தாமே?

வரலாற்று ஆசிரியர், ஏற்காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூட்டுப் பயிற்சி வேறு, கூட்டணி வேறு. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் அடங்கிய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் 5ஆம் பிரிவு, ஓர் உறுப்புநாட்டின் மீதான தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகவும் கருதச் சொல்கிறது. இந்தியா எவருக்கும் அப்படியொரு வாக்குறுதி அளித்ததில்லை. அதனால்தான் 2021 செப்டம்பரில் ரஷ்யாவின் ‘ஸாபத்’ பயிற்சியில் கலந்துகொண்ட நம் ராணுவம், அடுத்த மாதமே அலாஸ்காவில் அமெரிக்கர்களோடு ‘யுத் அப்யாஸ்’ நடத்த முடிந்தது. இதை இரட்டை வேடம் என்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பலத்தைக் காட்டும் நோக்கமும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி தரையில் நடப்பது: எந்த அலைவரிசையில் பேசுவது, யார் கட்டளைக்கு யார் கட்டுப்படுவது, ஒருவர் நிரப்பித்தரும் எரிபொருளின் கணக்கை மற்றவர் எப்படித் தீர்ப்பது. கடைசியாகச் சொன்னதற்கென்றே அமெரிக்காவுடன் 2016இலும், பிரான்ஸுடன் 2018இலும், ஆஸ்திரேலியா, ஜப்பானுடன் 2020இலும் ஒப்பந்தங்கள் செய்துகொண்டோம். 2004 ஆழிப்பேரலையின்போது நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்த இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்குமே இன்று ‘மலபார்’ கடற்பயிற்சியில் இருப்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

எனினும் பயிற்சியால் மட்டும் ஒரு படை உருவாகிவிடாது என்பதற்கு ஆப்கானிஸ்தானே சான்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் பயிற்றுவித்த அந்நாட்டுப் படை 2021 ஆகஸ்டில் சில வாரங்களுக்குள் சரிந்தது. ஊழலும் தலைமையின் பலவீனமும் காரணங்கள்தாம். ஆனால் அதன் விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் வெளியேறியதும் அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதே கடினமாகிவிட்டது என்பதுதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், பராமரிப்பைக் கடைசிவரை தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள்.

நம் கதையும் இதிலிருந்து முழுக்க விலகியதன்று. சூலூரில் பறந்த தேஜஸ் போர்விமானம் இந்தியாவில் வடிவமைக்கப்பட்டது. அதன் என்ஜின் அமெரிக்க நிறுவனத்துடையது. அந்த என்ஜின்கள் வந்துசேரத் தாமதமானது, தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ விமானங்கள் நம் விமானப்படைக்குக் கிடைப்பது தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ராணுவத் தளவாட உற்பத்தியை வளர்ப்பதற்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் இருப்பதால், யாருடைய அணி என்று கேட்கும் உங்கள் மாணவர்களிடம், எந்த உதிரிபாகத்துக்கு இன்னும் யாரை நம்பியிருக்கிறோம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்.