கரடி பொம்மையைக் கொடுத்தது யார்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. பண்டிகை என்றாலே தங்களுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் இருவரும் கேட்கிறார்கள். அதை மாற்ற நினைத்துப் போன பண்டிகைக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். மகளின் கரடி பொம்மையை எடுத்துப் போய் அங்கிருந்த ஒரு சிறுமிக்குக் கொடுக்கச் செய்தேன். கொடுத்த கையோடு அழுதுகொண்டே திரும்பப் பிடுங்கப் போனாள். எல்லோர் முன்னாலும் 'சுயநலக்காரி' என்று திட்டிவிட்டேன். அடுத்த முறை ஒழுங்காகக் கொடுத்தால் புது பொம்மை வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். கொடுப்பதில் இருக்கும் சந்தோஷத்தை இவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் மகள் சுயநலக்காரி இல்லை. அந்தப் பொம்மையை அவள் கொடுக்கவே இல்லை, நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள், அவள் கை வழியாகப் போனது, அவ்வளவுதான். கேட்காமல் நம்முடைய பொருளை எடுத்து யாருக்காவது கொடுத்தால், எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் நமக்கும் கோபம்தான் வரும்.

கொடுக்கும் சந்தோஷத்தைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றுதான் நான் நம்புகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் கொஞ்சம் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு கைப்பொம்மைக்குக் கொடுக்கச் சொல்லி, அவர்கள் முகத்தைக் கவனித்தார்கள். தாங்கள் வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும் வேறு யாருடையதையோ கொடுத்தபோது இருந்ததைவிடத் தன் கிண்ணத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். ஆக, சந்தோஷம் உள்ளே இருக்கிறது, நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நாம் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு விதத்தில். ஒன்று கட்டாயம், இன்னொன்று பரிசு. நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள், நல்ல எண்ணத்தோடுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2008-இல் வந்தது: உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் வாங்கிய குழந்தைகள் அதன் பிறகு உதவுவது குறைந்துபோனது, வெறும் பாராட்டு கிடைத்தவர்களிடமும் ஒன்றுமே கிடைக்காதவர்களிடமும் அப்படிக் குறையவில்லை. இன்னோர் ஆய்வில் (இது 2013), தனக்கே வைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் இருந்து, தானாக முடிவு செய்து ஸ்டிக்கரைக் கொடுத்த மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள், வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களைவிட அடுத்த முறை தாராளமாகக் கொடுத்தார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல உரிமை இருக்கும் குழந்தை 'சரி' என்று சொன்னால்தான் அது அவளுடைய 'சரி'.

அதனால் இந்த முறை சின்னதாக ஆரம்பியுங்கள், அதுவும் தெரிந்த முகத்தில் இருந்து. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, பண்டிகை நாளிலும் வேலைக்கு வரும் காவலாளி, உடம்பு முடியாமல் படுத்திருக்கும் உறவினர் என்று யாராவது ஒருவர். ஒரு வாரம் முன்பே மகளிடம் பேசுங்கள்: 'அன்றைக்கு அந்தப் பாட்டி என்ன செய்துகொண்டிருப்பார், அவருக்கு என்ன பிடிக்கும்?' பதிலை அவளே யோசிக்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும். படம் வரைந்து தருகிறேன் என்றால் அதுவே போதும், கடையில் வாங்கிய பொருள்தான் பரிசு என்று நாமே சொல்லித் தர வேண்டாம். மூன்று வயதுப் பையன் தனக்குப் பிடித்த கார் பொம்மையைத்தான் பாட்டிக்குத் தேர்ந்தெடுப்பான், சிரிக்காமல் கொடுக்க விடுங்கள். பண்டிகை நாளில் கூட்டம், தூக்கமின்மை, களைப்பு எல்லாம் சேர்ந்து பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டிருப்பார்கள், முதல் நாளே போய்விட்டு வருவது நல்லது. அப்புறம், தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள். கேமராவைப் பார்க்கும் குழந்தை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்த முகத்தில்தான் எல்லாமே இருக்கிறது. திரும்பி வரும்போது 'நீ நல்ல பொண்ணு' என்பதைவிட 'அவர் அதைக் கையில் வாங்கியதும் என்ன செய்தார், பார்த்தாயா?' என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒருவரைப் பற்றி நீங்கள் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. அந்தப் பொம்மையை வாங்கிய சிறுமி. கைக்கு வந்த பொம்மையை எல்லோரும் பார்க்க இன்னொரு குழந்தை பிடுங்க வந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அந்தக் குழந்தைகள் அங்கே இல்லை. காப்பகத்துக்கு உதவ வேண்டும் என்றால் அவர்களுக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டு, பெரியவர்களாக நீங்கள் செய்யுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போவதானால், அவர்கள் அனுமதியோடு, விளையாடப் போங்கள், ஒரு நாளோடு நிறுத்தாமல் அடிக்கடி போங்கள்.

வாங்கித் தருவதாகச் சொன்ன பொம்மையை இப்போதே, எந்த நிபந்தனையும் இல்லாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சொன்ன வாக்கும் நிற்கும், கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற கணக்கும் தீரும். அதற்கும் முன்னால், இன்று இரவு அவள் தூங்கப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேளுங்கள். கரடியைக் கேட்காமல் எடுத்ததற்குத் தனியாக, எல்லோர் முன்னாலும் திட்டியதற்குத் தனியாக. அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள்.