நுரைக்காத சோப்பு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 14 ஆண்டுகளாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வொயிட்ஃபீல்டில் இரண்டாவது கடை போடலாம் என்கிறான் என் அண்ணன் மகன். பத்து மாத வாடகை முன்பணம் கேட்கிறார்கள். அவன் போட்ட கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை. போய்ப் பார்த்தோம். விசாலமான இடம், எதிரிலேயே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கை கழுவினால் சோப்புதான் நுரைக்கவில்லை, மற்றபடி எல்லா வசதியும் இருக்கிறது. ஆனாலும் திரும்பி வந்ததிலிருந்து மனம் 'வேண்டாம், வேண்டாம்' என்கிறது. மனதைக் கேட்பதா, கணக்கை நம்புவதா?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மனம் எதைப் பார்த்து 'வேண்டாம்' என்றது? அதைக் கண்டுபிடித்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளுணர்வை எளிதில் நம்பாதவர். தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடியில் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த கேரி கிளைன் அதைப் பெரிதும் மதித்தவர். எதிரெதிர் கருத்துள்ள இந்த இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செய்யும் வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பதும் நமக்கு உடனுக்குடன் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே பழகிய உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உங்கள் தொழிலையே பாருங்கள். உளுந்து ஆட்டும்போது விரலால் தொட்டதுமே இன்னும் ஒரு கை நீர் தெளிக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் குளிரில் மாவை எந்த மூலையில் வைத்தால் பொங்கும் என்பதும் தெரியும். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். 14 ஆண்டுகளாகத் தினமும் திருத்தப்பட்ட கை அது. எந்தக் கணக்குக்கும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாடகை கட்டுப்படியாகுமா, பாக்கெட் மாவு வாங்கிப் பழகியவர்கள் உங்கள் கடைக்கு வருவார்களா என்பது வேறு விஷயம். அதில் உங்களுக்கு அனுபவம் இல்லை. அங்கே எழும் 'வேண்டாம்' வெறும் பயமாக இருக்கலாம். 'வேண்டும்' என்று தோன்றியிருந்தால் அதுவும் ஆசையாக இருந்திருக்கலாம். சிவாஜி நகரில் ஓர் அச்சகத்தை வாங்கச் சொல்லி உள்மனம் சொல்கிறது என்று நம்பி நானும் ஒருமுறை பணத்தை இழந்திருக்கிறேன். அச்சுத் தொழிலில் அன்றுவரை ஒரு நாள்கூட நான் வேலை பார்த்ததில்லை.

இப்போது அந்தச் சோப்புக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில்தான் சோப்பு நுரைக்காது. வொயிட்ஃபீல்டு பக்கம் பல கட்டடங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. உங்களுடையது காவிரித் தண்ணீரில் அரைத்துப் பழகிய கை. 'வேண்டாம்' என்று முதலில் சொன்னது அந்தக் கைதான் என்பது என் ஊகம். அண்ணன் மகனின் கணக்கில் தண்ணீருக்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் குழாயிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வரச் சொல்லுங்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். பாதியை அந்த நீரிலும் மீதியை உங்கள் வீட்டு நீரிலும் ஊறவைத்து அரைக்கட்டும். மாவு சரியாக வரவில்லை என்றாலும் கடை ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. அல்சூரில் அரைத்து விடியற்காலையில் வண்டியில் அனுப்பலாம். ஒரு மாதம் அப்படி விற்றுப் பார்த்தால் அந்தப் பகுதி மக்கள் வாங்குகிறார்களா என்பதும் தெரியும், பத்து மாத வாடகைப் பணமும் கையில் இருக்கும்.

அரைக்கும் வேலையை அண்ணன் மகனிடமே விட்டுவிடுங்கள். எந்தப் பாத்திரத்தில் எந்த நீர் என்று அத்தையிடம் அவன் சொல்லக் கூடாது. மறுநாள் காலை நீங்கள் வந்து மூடியைத் திறந்து, கையை விட்டுப் பாருங்கள்.