பனியன் கம்பெனி கட்டடத்தை எனர்ஜி சிமுலேஷனுக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கீழே தார்சு, மேல்தளத்துக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் மேலே நிற்க முடியவில்லை. கூரைக்கு என்ன செய்தால் வெக்கை குறையும் என்று முதலாளி கேட்கிறார். கட்டடம் முழுவதையும் ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் வரைந்து, ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக (கட்டட மாடலை எனர்ஜி மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வடிவம்) மாற்றி, கட்டடத்தின் வெப்பத்தையும் மின் செலவையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸில் ஓட்டினேன். பிழைகள் குவிகின்றன. எங்கிருந்து சரி செய்வது?

பதில்: சரி செய்ய வேண்டாம், புதிதாக வரையுங்கள். ரெவிட் மாடலில் தூண், கைப்பிடி, கழிப்பறைச் சாமான் வரை எல்லாம் இருக்கும். வெப்பக் கணக்குக்கு வேண்டியது காற்றை அடைத்து வைத்திருக்கும் நாலைந்து பெட்டிகள்தான். தளப்படத்தை அடியில் வைத்து, ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைவு மென்பொருளில், எனர்ஜிபிளஸுக்கு மாடல் தயாரிக்கும் ஓபன்ஸ்டுடியோ பிளக்-இன் கொண்டு அதன் மேல் வரைந்தால் சீக்கிரம் முடியும், விஷயமும் பிடிபடும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சிக்குவது சுவரில். இங்கே சுவருக்குத் தடிமன் வரைவதில்லை, ஒரே பரப்புதான். 9 அங்குலச் செங்கல், இருபக்கப் பூச்சு என்பதெல்லாம் அந்தப் பரப்பின் அடுக்குப் பட்டியலான கன்ஸ்ட்ரக்‌ஷனில் எழுத வேண்டியவை. கட்டிங் செக்‌ஷனுக்கும் பவர் டேபிள் (தையல் மெஷின்) ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரின் இரண்டு முகங்களும் 23 செ.மீ. இடைவெளியில் தனித்தனியாக வந்துவிட்டால், ஜோடி சேராது. இரண்டுமே வெளிச்சுவர், இரண்டின் மேலும் வெளிக்காற்று படுகிறது என்றே கணக்கு ஓடும். பல நேரம் பிழை என்றுகூடச் சொல்லாது, விடை மட்டும் கெட்டிருக்கும். கீழ்த்தளக் கூரைக்கும் மேல்தளத் தரைக்கும் இதேதான். அதனால் முதலில் இன்டர்செக்ட் (ஒட்டியிருக்கும் பரப்புகளை ஒரே அளவாக வெட்டுவது), அப்புறம் மேட்ச் (அவற்றை ஜோடி சேர்ப்பது). வரிசை மாறக் கூடாது. முடிந்ததும் பவுண்டரி கண்டிஷன்படி (பரப்பின் மறுபக்கம் வெளிக்காற்றா, மண்ணா, இன்னோர் அறையா என்பது) நிறம் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பரப்பாகப் பாருங்கள். இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அறைக்கு ஒரு ஸோன் (ஒரே வெப்பநிலை என்று கணக்கிடும் பெட்டி) வேண்டாம். ஏசி போட்ட ஆபீஸ் தனி, அயர்னிங் தனி, மற்ற ஹால் ஒன்று. தகரத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் நடுவில் உள்ள காற்று தனி ஸோன்.

மேற்குச் சுவரில் 4 அடி அகலத்தில் ஆறு ஜன்னல் இருந்தால் 24 அடியில் ஒன்றாகப் போடலாம். ஆனால் அடிமட்டமும் லிண்டல் உயரமும் மாறக் கூடாது; மாறினால் சன்ஷேடின் நிழல் தப்பாகும். சன்ஷேடை ஷேடிங் பரப்பாக மட்டும் வரையுங்கள்.

வடதிசையை மறக்காமல் சரியாகத் திருப்பி வையுங்கள். திருப்பூர் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று சன்ஷேடை விட்டுவிட்டால், அந்த மாதங்களின் கணக்கு தப்பும்.

வானிலைக்குக் கோயம்புத்தூரின் இ.பி.டபிள்யூ. கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. வருஷத்தின் 8,760 மணி நேரமும் அதில் உண்டு. முதலில் ஆளும் மெஷினும் இல்லாத வெறும் கட்டடத்தை ஓட்டுங்கள். பிழை வந்தால் எர்ர் கோப்பில் (எனர்ஜிபிளஸ் எழுதும் பிழைப் பட்டியல்) முதல் ‘சிவியர்’ (கடும் பிழை) வரியை மட்டும் தீருங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றில் பாதி அதன் பின்விளைவாக இருக்கும். ஓடியபின் ஆள், மெஷின், விளக்கு, அயர்ன் சூடு என ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பிறகு முதலாளி கேட்ட கேள்விக்கு வரலாம். வெள்ளைப் பூச்சு என்றால் தகரத்தின் சோலார் அப்ஸார்ப்டன்ஸை (வெயிலில் எவ்வளவு பங்கை உறிஞ்சும் என்பது) குறைக்க வேண்டும். இன்சுலேஷன் என்றால் இன்னொரு அடுக்கு சேர்க்க வேண்டும். ஹாலில் ஏசி இல்லாததால் மின் யூனிட்டைப் பார்த்துப் பயனில்லை, ஆப்பரேட்டிவ் வெப்பநிலையை (காற்றின் சூடும், கூரை, சுவரிலிருந்து வரும் வெக்கையும் சேர்ந்து ஆள் உணர்வது) பாருங்கள். முதலாளியிடம் காட்டுவதற்கு முன் ஹாலில் ஒரு வாரம், வெப்பநிலையைத் தானாகப் பதியும் டேட்டா லாகர் தொங்கவிட்டு அளந்துகொள்வது நல்லது. வானிலைக் கோப்பு இந்த வருஷத்தியது அல்ல, அதனால் நாளுக்கு நாள் பொருந்தாது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒத்துவந்தால் அந்த மாடலை நம்பிப் பேசலாம்.