சிரியஸுக்கு ஏன் மைனஸ்?

கேள்வி: சிரியஸ் நட்சத்திரத்தின் மேக்னிட்யூட் -1.46 என்று படித்தேன். வானத்தில் அதிகமாக மின்னுவதற்கு ஏன் மைனஸ் எண்? அதுதான் இருப்பதிலேயே பெரிய நட்சத்திரமா?

எனக்கும் ஆரம்பத்தில் இதே குழப்பம் இருந்தது. ஒரு நட்சத்திரம் நம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்று சொல்லும் எண்தான் மேக்னிட்யூட். அதை மார்க் மாதிரி நினைக்காமல் ரேங்க் மாதிரி நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பு தாலமி என்ற வானியலாளர் எழுதிய நட்சத்திரப் பட்டியலில், பளிச்சென்று தெரிபவை முதல் தரம், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பவை ஆறாம் தரம். முதல் ரேங்க்தான் உசத்தி. எண் கூடக் கூட வெளிச்சம் குறைகிறது.

ஆனால் அது வெறும் கண்மதிப்பு. அதைக் கணக்காக மாற்றியவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தரத்தைவிடச் சுமார் 100 மடங்கு வெளிச்சமானது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஐந்து படி வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்றே வைத்துக்கொள்ளலாம் என்று 1856-ல் அவர் சொன்னார். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 100 வரும். அளவுகோல் இப்படிக் கறாரானதும், பழைய முதல் தரத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இருப்பது வெளிப்பட்டது. வேகா என்ற நட்சத்திரம் கிட்டத்தட்ட 0-வில் நின்றது, சிரியஸ் அதையும் தாண்டி மைனஸுக்குப் போனது. அதே அளவுகோலில் முழுநிலவு -12.7, சூரியன் -26.7.

இந்தப் போக்சன் 1861-ல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்துக்குத் தலைவராகி, 1891-ல் இறக்கும்வரை இங்கேயேதான் இருந்தார். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வெளிச்சம் கூடிக் குறையும் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தை 1867-ல் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் புழங்கும் ஓர் அளவுகோலைத் தந்தவர் முப்பது வருஷம் நம் ஊர் வானத்தைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லையே என்ற வருத்தமும் உண்டு.

சரி, சிரியஸ்தான் பெரியதா? இல்லை. அது பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பிப்ரவரி மாதம் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். உயரத்தில் வெள்ளையாகத் துடிப்பது சிரியஸ். அதற்குக் கீழே, தென்திசையில் தாழ்வாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ். இதன் மேக்னிட்யூட் -0.74. நம் கண்ணுக்குச் சிரியஸ் இதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம். ஆனால் சிரியஸ் இருப்பது 8.6 ஒளியாண்டு தூரத்தில், கனோபஸ் இருப்பது சுமார் 310 ஒளியாண்டில். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். இந்தக் கனோபஸ் 36 மடங்கு தள்ளி நின்றுகொண்டு இவ்வளவு வெளிச்சம் காட்டுகிறது! சிரியஸ் சூரியனைப் போலச் சுமார் 25 மடங்கு ஒளியைக் கொட்டுகிறது என்றால், கனோபஸ் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைப்பது தெற்கே இருக்கும் நமக்கு ஒரு கொடுப்பினை. லண்டனில் கனோபஸ் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

தூரம் இப்படி ஏமாற்றுவதால்தான் இன்னொரு எண்ணும் வைத்திருக்கிறார்கள். எல்லா நட்சத்திரங்களையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் வரிசையாக நிறுத்தினால் எப்படித் தெரியும் என்ற கணக்கு அது. தனி மேக்னிட்யூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் நம் சூரியனுக்கு 4.8 தான். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த அருந்ததி நம் கண்ணுக்குச் சுமார் 4. அதைவிடவும் மங்கலாகத்தான் சூரியன் தெரியும். சென்னை விளக்கு வெளிச்சத்தில் தேடினாலும் கிடைக்காது.

படித்துத் தெரிந்துகொள்வதைவிட நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நான் கற்றுக்கொண்டது 2020 தொடக்கத்தில், திருவாதிரை நட்சத்திரம் மங்கியபோது. வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருப்பது, பிப்ரவரியில் 1.6 வரை இறங்கிவிட்டது. அது கக்கிய தூசு மறைத்ததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு சொன்னார்கள். தினமும் மாடியில் நின்று ரோகிணியோடும் (0.9), பக்கத்திலேயே இருக்கும் பெலட்ரிக்ஸோடும் (1.6) ஒப்பிட்டு நோட்டில் குறித்து வைத்தேன். ஒருநாள் திருவாதிரையும் பெலட்ரிக்ஸும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தபோது உடம்பே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

செய்முறை இவ்வளவுதான்: மேக்னிட்யூட் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கூடுதல் வெளிச்சம், ஒன்று குறைச்சல். நீங்கள் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும், அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்புறம், திருவாதிரை சிவப்பு. சிவப்பை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சமாகத் தோன்ற ஆரம்பிக்கும், அதனால் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுங்கள்.