மூடுபனி ஊரில் முட்டை ஏன் காய்கிறது?

கேள்வி: குருநாகல் பக்கம் ஒரு பண்ணையில் 30 முட்டை வாங்கி வந்து இன்குபேட்டரில் வைத்தேன் ஐயா. 9 குஞ்சுதான் வந்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால் 14 முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டைக்கூடக் கொத்தாமல் செத்துக் கிடக்கிறது. உள்சவ்வு காய்ந்து ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கிறது. கம்பஹாவில் இருக்கும் மச்சான் அதே மெஷினில் தண்ணீரே ஊற்றாமல் பொரிக்க வைக்கிறார். இங்கே எந்நேரமும் மூடுபனி. ஈரம் கூடிப்போனதால் செத்ததா, இல்லை பழைய முட்டையைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: பண்ணைக்காரர் மேல் குறையில்லை தம்பி. 30இல் 23 கரு வளர்ந்திருக்கிறது, அது நல்ல முட்டைதான். உங்கள் முட்டை ஈரம் கூடிச் சாகவில்லை, காய்ந்து செத்திருக்கிறது. நானும் முதல் இரண்டு ஈடு இப்படித்தான் பறிகொடுத்தேன், 'வெளியில் பனி கொட்டுகிறதே, உள்ளே தண்ணீர் எதற்கு' என்று நினைத்து.

விஷயம் இதுதான். குளிர்ந்த காற்றால் கொஞ்ச நீராவியைத்தான் தாங்க முடியும். காலையில் 12 பாகை குளிரில் மூடுபனி நிறைந்திருக்கும் காற்றின் ஈரப்பதம் 100 சதவீதம்தான், ஆனால் அதே காற்று மெஷினுக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடானதும் ஈரப்பதம் 22 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். கம்பஹாவில் 30 பாகை, 75 சதவீத ஈரமுள்ள காற்று அதே மெஷினுக்குள் போனால் 50க்குக் கிட்ட நிற்கும். மச்சான் தண்ணீர் ஊற்றாமலே தப்புவது அதனால்தான். மெஷினோடு வரும் தாளும் யூடியூப்காரர்கள் சொல்லும் கணக்கும் பெரும்பாலும் கீழ்நாட்டுக்குத்தான் பொருந்தும், அதை அப்படியே இங்கே செய்தால் நட்டம் நமக்கு.

அப்புறம் உயரம். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், ஓட்டின் துளைகள் வழியாக நீர் வேகமாக வெளியேறும். அதனால் கீழே இருந்து வரும் முட்டைக்கு இங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். முடிந்தால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த கோழியின் முட்டையைத் தேடுங்கள். கீழே இருந்துதான் கொண்டு வரவேண்டும் என்றால், பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் ஆறவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பாத்திரத்தின் ஆழத்தால் ஈரம் கூடாது, தண்ணீரின் பரப்புத்தான் முக்கியம். அதனால் அகலமான தட்டை வையுங்கள், இளஞ்சூட்டுத் தண்ணீராக ஊற்றுங்கள். ஈரமானியை அப்படியே நம்பாமல், ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஈரமானியோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் ஆறேழு மணித்தியாலம் கட்டி வைத்துப் பாருங்கள், 75 காட்ட வேண்டும். அதைவிட நம்பகமானது தராசு. பத்து முட்டை 550 கிராம் என்றால், 18ஆம் நாள் 480 முதல் 490க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உலர்ந்து போகிறது என்று அர்த்தம்.

காற்றுத் துவாரத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள், உயரத்தில் ஒட்சிசனும் குறைவு. மெஷினைச் சுற்றி ரெஜிபோம் அட்டை வைத்து இரவுக் குளிரைத் தடுக்கலாம், துவாரம் திறந்தே இருக்கட்டும். அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் திறந்து பார்க்காமல் கம்பளியால் மூடி, சுடுதண்ணீர்ப் போத்தல்களை அணைத்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில்கூட இப்படிச் சில முட்டைகளைக் காப்பாற்றினேன், ஒரு நாள் பிந்திப் பொரித்தன. கடைசி மூன்று நாள் திருப்பவும் வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். குஞ்சு சத்தம் கேட்டதும் எட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஈரம் பறந்துவிடும்.

கேள்வி: எங்கள் நாட்டுக்கோழி அடைக்குப் படுத்திருக்கிறது. கினிக்கோழி, வான்கோழி, காடை முட்டை எல்லாம் கிடைக்கும். சேர்த்து வைக்கலாமா?
(வாசகி, வெலிமடை)

பதில்: சேர்த்து வைக்காதீர்கள் தங்கச்சி. காடை 17, 18 நாள், கோழி 21, கினிக்கோழி 26 முதல் 28, வான்கோழி 28. முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் எழுந்து போய்விடும், மிச்ச முட்டை குளிர்ந்து போகும். கினிக்கோழியும் கோழியும் வேண்டுமென்றால், கினிக்கோழி முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையை வையுங்கள். காடையை விட்டுவிடுங்கள், ஓடு மெல்லியது, கோழியின் பாரம் தாங்காது. வளர்ப்புக் காடை தானும் அடைகாப்பது அரிது, அதற்கு மெஷின்தான்.

என்னைக் கேட்டால், இந்தக் குளிருக்கு அடைக்கோழியை மிஞ்சிய மெஷின் இல்லை. சூடு, ஈரம், திருப்புதல் எல்லாம் அதற்கே தெரியும். ஒரு கோழிக்குக் கினிக்கோழி முட்டை 12, வான்கோழி என்றால் 6, 7 போதும். சிமெந்துத் தரையில் வைக்காமல், பலகை மேல் சாக்கும் காய்ந்த மானாப்புல்லும் போட்டு, அடுப்புச் சாம்பல் கொஞ்சம் தூவிவிடுங்கள், செள்ளுக்கு நல்லது. ஒரு நாளைக்கு ஒரு தடவை பத்து, பதினைந்து நிமிடம் தின்ன எழுந்து போகும், பயப்பட வேண்டாம். கினிக்குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்துவிடும், தட்டில் கூழாங்கல் போடுங்கள். வான்கோழிக் குஞ்சைக் கோழிகள் மேய்ந்த மண்ணில் விடாதீர்கள், கோழியிலிருந்து தொற்றும் கரும்தலை நோய் அதைக் கொன்றுவிடும்.

கேள்வி: கவ்வாத்து வெட்டும்போது தேயிலைத் தூருக்கடியில் காட்டுக்கோழி முட்டை மூன்று கண்டோம். வீட்டுக்கோழியில் வைக்கலாமா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: வேண்டாம். இலங்கைக் காட்டுக்கோழி நம் நாட்டின் தேசியப் பறவை, வேறெந்த நாட்டுக் காட்டிலும் கிடையாது. முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. குஞ்சு பொரித்தாலும் கூட்டில் தங்காது, வெருண்டு வெருண்டே செத்துப்போகும். தொட்டிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உடனே விலகிவிடுங்கள். அந்தத் தூரையும் சுற்றி நாலு செடியையும் மூன்று வாரம் கழித்து வெட்டுவதாகக் கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள், மறைவு இருந்தால் தாய் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.