போல்ட் துளை பொருந்தினால் வேறு மாடல் பைக்கின் பின் ஷாக்கை மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் துளையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் சொன்னது இரண்டே விஷயம்: மேலும் கீழும் போல்ட் சரியாக உட்காருகிறது, புது ஷாக் பழையதைவிட 12 மி.மீ. நீளம். உங்களுடையது லிங்கேஜ் (ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைக்கும் நெம்பு) உள்ள மோனோஷாக், அதாவது ஒற்றை ஷாக் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரட்டை ஷாக் என்றால் கணக்கு சுலபம், ஆனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் அந்த 12 மி.மீ. பின் ஆக்ஸில் ஏறும் தூரத்தை ஷாக் அமுங்கும் தூரத்தால் வகுத்தால் வருவது லீவரேஜ் விகிதம். மோனோஷாக் வண்டிகளில் இது பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும். உங்களுக்கு 2.5 என்றால் வண்டியின் பின்பக்கம் 30 மி.மீ. உயரும். வீல்பேஸ் 1400 மி.மீ. என்றால் ஃபோர்க் ஏறக்குறைய ஒன்றேகால் டிகிரி நிமிரும். வளைவில் சட்டென்று திரும்பும், நேர்சாலை வேகத்தில் ஹேண்டில் உதறத் தொடங்கலாம். சைடு ஸ்டாண்டு போதாமல் வண்டி அதிகம் சாயும். ஸ்விங் ஆர்மின் முன்முனையில் உள்ள ரப்பர் பட்டையைச் செயின் அறுக்கும். 4, 5 மி.மீ. வித்தியாசம் சமாளிக்கக்கூடியது. 12 மி.மீ. கூடாது என்பதுதான் என் கருத்து.

"எத்தனையோ வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் கீழே எழுதுவார்கள். பழைய ஷாக் எண்ணெய் கக்கிச் செத்துப்போயிருந்தால் எதைப் போட்டாலும் சொர்க்கமாகத்தான் தெரியும். அது புது ஷாக் பொருந்துகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

அடுத்து ஸ்பிரிங். பலரும் சறுக்குவது இங்கேதான். ஸ்பிரிங்கின் விறைப்பைச் சக்கரத்தில் உணரும்போது அது லீவரேஜ் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். 95 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் 2.0 விகிதமுள்ள வண்டியில் சக்கரத்தில் ஏறக்குறைய 24 தரும். அதே ஸ்பிரிங் 2.5 விகிதத்தில் 15 மட்டுமே. பெரிய வண்டியின் ஷாக், விறைப்பாகத்தான் இருக்கும் என்று நம்பி மாட்டினால் தொளதொள என்று அமுங்குவது இதனால்தான். ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் எண்ணை உங்கள் பழைய ஸ்பிரிங்கோடு நேராக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே லிங்கேஜில் வேலை செய்யப்போவதால் வேறு கணக்கு வேண்டாம். 1 கிலோ/மி.மீ. என்பது 9.81 நியூட்டன்/மி.மீ., பவுண்டு/அங்குலத்தில் 56.

ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டாலும் டேம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெய் அடக்கும் வேலை) ஷாக் வந்த அந்த வண்டிக்காக அமைத்ததுதான். அதுவும் அதே வர்க்கக் கணக்கில் குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை முழுக்க இறுக்கியும் பின்பக்கம் துள்ளினால், உள்ளே எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை மாற்றித்தான் ஆக வேண்டும். சுசுகி எஸ்வி 650-இல் அதே கம்பெனியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பைக்கின் ஷாக் போடுவது பழகிப்போன மாற்றம். அதிலேயே ரிசர்வாயருக்கு (ஷாக்கோடு ஒட்டிய தனி எண்ணெய்க் குப்பி) இடம் தேட வேண்டும், ஸ்பிரிங்கை ஓட்டுபவர் எடைக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் விகிதத்தை நீங்களே அளக்கலாம். வண்டியை ஃப்ரேமிலோ ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலோ தாங்குங்கள். ஸ்விங் ஆர்மைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு (பின்பக்கத் தூக்கு ஸ்டாண்டு) இதற்கு உதவாது, ஷாக்கைக் கழற்றியதும் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். ஷாக்கைக் கழற்றி, பின் சக்கரத்தை 20 மி.மீ. 20 மி.மீ. ஆகத் தூக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு ஷாக் போல்ட் மையங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறியுங்கள். தூக்கிக்கொண்டே போய் டயர் மட்கார்டைத் தொடும் இடத்தில் அந்த மையத் தூரம் எவ்வளவு என்று பாருங்கள். புது ஷாக் முழுக்க அமுங்கும்போது வரும் நீளம் அதைவிடக் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டை உரசும், டெயில் லைட் வயரையும் அறுக்கும்.

பழைய ஷாக் வாங்கும்போது ராடு மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் ஓடும் இடத்தில் நகம் தடுக்கினால் வேண்டாம், புது சீலையும் அந்தக் கீறல் கிழித்துவிடும். ஷாக் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை மேலே தள்ளினால் அடியில் ஒளிந்திருக்கும் எண்ணெய்க் கறை தெரியும். விற்பவர்கள் கழுவிப் பெயின்ட் அடித்து, "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று ஒரு போட்டோ போடுகிறார்கள். கண்ணுக்குக் கண் நீளமும் (இரு போல்ட் துளை மையங்களுக்கு இடையிலான தூரம்) ஸ்பிரிங் எண்ணும் எழுத அவர்களுக்கு அரை நிமிடம் ஆகாது. ஷாக்கைத் திறக்கவே முடியாதபடி விளிம்பை மடித்து அடைத்து விற்கும் கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு சீல் போனால் முழு ஷாக்கும் குப்பைக்கு என்பது என்ன நியாயம்?

ஷாக் முனையில் போல்ட் நுழையும் புஷ்ஷின் துளை 12 மி.மீ., உங்கள் போல்ட் 10 மி.மீ. என்றால் ஸ்டீலில் ஸ்லீவ் கடைந்து போடுங்கள். ஃப்ரேம் துளையை ஒருபோதும் பெரிதாக்காதீர்கள். வாஷர் இரு பக்கமும் சமமாக வர வேண்டும், ஷாக் ஒருபக்கம் இழுத்தால் சீல் சீக்கிரம் போகும். ரப்பர் புஷ் என்றால் வண்டி தன் எடையில் உட்கார்ந்த நிலையில்தான் கடைசி முறுக்கு, அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். செயின் லூஸை முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் பாருங்கள். செயின் அதிகம் இறுகும் இடம் அது.

கடைசியாக அமுங்கலை, அதாவது பின் சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து வண்டியின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை அளக்க வேண்டும். சாலை வண்டிக்கு ஆள் உட்கார்ந்தால் 30 முதல் 40 மி.மீ., வண்டி மட்டும் நின்றால் 5 முதல் 15 மி.மீ. ப்ரீலோடால் (நட்டைச் சுற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) முதல் எண்ணைச் சரிசெய்த பிறகு ஆளில்லாமல் வண்டி அமுங்கவே இல்லையென்றால் ஸ்பிரிங் மெலிது, 20 மி.மீ.க்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் கடினம். இரண்டுக்கும் ஸ்பிரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும், ப்ரீலோட் நட்டைச் சுற்றித் தீராது.