பிள்ளைக்குக் கொரோனா ஊசி போட்டது அவசரமா? எங்கள் வீட்டில் நடந்தது

கேள்வி: 2022 தொடக்கத்தில் 15 வயது மகளுக்குக் கொரோனா தடுப்பூசி போட்டோம். இப்போது கோவிஷீல்டு ஊசியால் ரத்த உறைவு என்று வரும் செய்திகளைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை. பரிசோதனை, தனிமை, ஊசி என்று எல்லாவற்றிலும் அவசரப்பட்டுவிட்டோமா? மற்ற பெற்றோர் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்:

முதலில் உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். உங்கள் மகளுக்குப் போட்டது கோவிஷீல்டாக இருக்காது. அரசுத் திட்டத்தில் 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 3 அன்று தொடங்கியது கோவாக்சின் மட்டும்தான். 12 முதல் 14 வரை உள்ளவர்களுக்கு மார்ச் 16 முதல் கோர்பிவேக்ஸ். கோவிஷீல்டு 18 வயதுக்கு மேல்தான். சான்றிதழை எடுத்துப் பாருங்கள், ஊசியின் பெயர் அதிலேயே இருக்கும். அந்தச் செய்தியில் வரும் ரத்த உறைவும் மிக அரிதானது, அதுவும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. ஆண்டுக்கணக்கில் உள்ளே பதுங்கி இருந்து வெளியே வருவது இல்லை.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அதனால் "நீ யாரு சொல்றதுக்கு" என்று கேட்க வருபவர்கள், வேண்டாம் என்றால் மேற்கொண்டு படிக்காதீர்கள். எனக்குத் தெரிந்ததும் என் வீட்டில் நடந்ததும்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஊசியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஊசி என்பது ஒரு ராத்திரிச் சண்டையோடு முடிந்தது. முடியாமல் இழுத்துக்கொண்டே போனது அக்கம்பக்கத்தின் பார்வைதான்.

2020 மே மாதம். வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறார். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டியோடு சரி, சில சமயம் சென்னை கோயம்பேடு மார்க்கெட் வரை லோடு போகும். கோயம்பேட்டில் தொற்று வெடித்த வாரம் அவரும் அங்கே இறக்கிவிட்டு வந்திருந்தார். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் யாரும் கேட்பதற்கு முன்னால் இவரே "கோயம்பேட்டிலிருந்து வர்றேன்" என்று சொல்லி டெஸ்ட்டுக்கு நின்றார். முடிவு நெகட்டிவ். இருந்தாலும் வீட்டுத் தனிமை, கதவில் ஒரு காகிதம். பெயர், ஆட்களின் எண்ணிக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, "உள்ளே நுழையாதே". அரசாங்கத்தை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தேதி முடிந்து நாங்கள் கிழித்த பிறகும் பசை போகவே இல்லை. நீலப் பெயின்ட் அடித்த கதவு, சுரண்டினால் பெயின்ட்தான் உரிந்தது. பால்காரர் பல வாரம் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். இப்படிக் கதவில் ஒட்டக்கூடாது, பேரிடர் சட்டத்தின் கீழ் அதிகாரி தனியாக உத்தரவு போட்டால் மட்டும்தான் ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது. எங்கள் கதவுக்கு அது பிந்திப்போன தீர்ப்பு.

அப்புறம் பள்ளிக்கூடம். என் பெரிய மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் பெரும்பகுதி போனிலேயே போனது. எங்கள் காலனியில் சிக்னல் கிடையாது, மேட்டுத் தேயிலைக்குள் ஒரு பாறை மேல் உட்கார்ந்தால்தான் இரண்டு கோடு வரும். சாயங்காலமானால் கரடி வரும் இடம் அது. என் மாமியார் கையில் ஒரு தடியோடு பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சேர்ந்து அல்ஜீப்ரா கேட்டார்.

2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை திறந்தார்கள். பெரியவள் பத்தாம் வகுப்பு. காலையில் கேட்டில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார்கள். மூடுபனியில் நடந்து வந்த பிள்ளைகளின் நெற்றி ஐஸாக இருக்கும், கருவி "லோ" என்று காட்டும். வாட்ச்மேன் அதை நார்மல் என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் கடைசியில் அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ். சுகாதாரத் துறையிலிருந்து வந்து வகுப்பு முழுவதற்கும் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். "மூக்குக்குள்ள விட்டு மூளையைத் தொட்டுட்டாங்கம்மா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். (அந்த வருஷம் ஜூனில் முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் 28 யானைகளுக்கே மாதிரி எடுத்தார்கள், வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொரோனாவில் சிங்கம் இறந்ததால். யானைகளின் பெயர்ப் பட்டியலை யாரும் வாட்ஸப்பில் சுற்றவிடவில்லை.)

அடுத்த நாள் ராத்திரி எஸ்.எம்.எஸ். வந்தது. எஸ்.ஆர்.எஃப். எண் (மாதிரிப் படிவத்தின் எண்), பெயர், பாசிட்டிவ். அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் மெசேஜைப் படித்து முடிப்பதற்குள் பெற்றோர் குழுவில் ஒரு போட்டோ. யாரோ ஒரு பட்டியலைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். மாணவி பெயர், அப்பா பெயர், வயது, ஊர், எல்லாம் இருந்தது. அதன் கீழேயே ஒரு அம்மா எனக்குத் தனியாக எழுதினார்: "உங்க பொண்ணு பக்கத்துலதான் எங்க பொண்ணு உக்காந்திருக்கா. முன்னாடியே தெரிஞ்சும் அனுப்புனீங்களா?" எனக்குக் கை நடுங்கியது. டெஸ்ட் எடுத்ததால்தானே தெரிந்தது! பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

எங்கள் வீடு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்குக் கட்டிக் கொடுத்த காலனி வீடு. இரண்டே அறை. பின் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு மற்ற நான்கு பேரும் முன் அறையில். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு விலகி வர வேண்டும். தட்டை அவளே உள்ளே பக்கெட் தண்ணீரில் கழுவிக்கொள்வாள். கிராம செவிலியர் வந்து ஜிங்க் மாத்திரையும் கபசுரப் பொடியும் கொடுத்துவிட்டு வெளியில் நின்றபடியே தைரியம் சொன்னார். அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். குழாயடியில் வேறு கதை. நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். பெயர் வைத்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

பெரியவள் அழவில்லை. பேசாமல் இருந்தாள், அதுதான் பயமாக இருந்தது. மாமியார்தான் மூடின கதவுக்கு இந்தப் பக்கம் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்த கதையை உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருத்தராகப் பார்த்து அனுப்பியது, இருமல் வந்தால் எங்கே பிரித்துவிடுவார்களோ என்று வாயைச் சேலையால் பொத்திக்கொண்டது. "அங்க நாங்க நின்னோம், இங்க நீ உக்காந்திருக்க, என்ன இப்ப?" என்பார். இரண்டாவது நாள் ராத்திரி உள்ளேயிருந்து "அப்பாயி, அப்புறம்?" என்று குரல் வந்தது. அதன் பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

தனிமை முடிந்து பள்ளிக்கு அனுப்பினால், நெகட்டிவ் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். வீட்டுத் தனிமை முடிந்த பிறகு மறுபடி டெஸ்ட் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதலிலேயே இருந்தது. காரணமும் உண்டு. நோய் போன பிறகும் செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் ஆர்டிபிசிஆர் டெஸ்ட்டில் அகப்படலாம், யாருக்கும் பரவாது, ஆனால் பாசிட்டிவ் என்றுதான் வரும். அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பள்ளி ஆபீசுக்குப் போனேன்.

"மேடம், இதுல டெஸ்ட் வேண்டாம்னு போட்டிருக்கு."

"அது சரிம்மா. மத்த பேரன்ட்ஸ் கேட்டா நான் என்ன சொல்றது?"

"இதையே காட்டுங்க மேடம்."

"ஒரு டெஸ்ட்தானே, எடுத்துட்டு வந்துடுங்களேன்."

தனியார் லேபில் அப்போது 900 ரூபாய். பணம் பெரிதில்லை, அதாவது பெரிதுதான், ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை. எடுத்து, ஒன்றுமில்லாத பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்று வந்து, மறுபடி அந்த அறை, மறுபடி அந்தப் பட்டியலா? எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் உள்ளே விட்டார்கள். ஆனால் கதவோரம் தனி பெஞ்ச். கேட்டால் காற்றோட்டமாம். கோத்தகிரியில் அந்த மாதத்தில் கதவோரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மேகமே நோட்டுப் புத்தகத்தின் மேல் வந்து உட்காரும். ஒரு வாரத்தில் அவளுக்கு ஜலதோஷம். இருமுகிறாள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்!

இதனால்தான் சொல்கிறேன், ஊசி எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 2022 ஜனவரியில் பள்ளியிலேயே முகாம், பெற்றோர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். ஏற்கெனவே ஒரு தடவை வந்து போனவளுக்கு எதற்கு, பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போனால் என்று ஆரம்பித்து நடிகர் விவேக்கில் வந்து நின்றார். விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று எல்லோர் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பில் போய்விட்டார். தமிழ்நாட்டில் பாதிப் பேரின் பயம் அங்கே தொடங்கியதுதான். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசுக் குழு விசாரித்துச் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது?

நான் ஒன்றுதான் கேட்டேன். "சின்னவனை நாய் கடிச்சப்ப ஜி.ஹெச்சுக்குத் தூக்கிட்டு ஓடுனீங்களே, அன்னைக்கு ஊசியில என்ன இருக்குன்னு கேட்டீங்களாங்க?" கோவாக்சினும் கிட்டத்தட்ட அதே பழைய முறைதான். கிருமியை வளர்த்து, செயலிழக்க வைத்து, உடம்புக்கு அடையாளம் காட்டுவது. வெறிநாய்க்கடி ஊசிக்கென்று தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907 முதல் நம் குன்னூரில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இவர் லாரி ஓட்டுகிறார். மாமியார் ஒன்றும் பேசாமல் ரவிக்கைக் கையை ஏற்றி, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டினார். வட்டமாக, பழைய ஒரு ரூபாய் அளவு. "இதுக்கப்புறம் ஆறு பெத்தேன்" என்றார். கையெழுத்து ஆனது. முதல் ஊசிக்குக் கை வலி, ஒரு ராத்திரிக் காய்ச்சல். 28 நாள் கழித்துப் போட்ட இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. மே மாதம் பொதுத் தேர்வை ஒழுங்காக எழுதினாள்.

ஊசி போட்டால் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் ஒமிக்ரான் வகைக் கொரோனா வந்தது. கோவாக்சினால் பக்கவிளைவு என்று சொன்ன பனாரஸ் பல்கலைக்கழக ஆய்வைக் கொண்டுவந்து போடப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போட்டவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டே பார்க்காத ஆய்வு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அப்போதே கண்டித்தது, வெளியிட்ட இதழே பின்னால் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கோபம் வருகிறது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் சொந்த ஊருக்கு வர என் வீட்டுக்காரரிடம் இ-பாஸ் கேட்டு மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். சுற்றுலா திறந்ததுதான் தாமதம், எங்கள் காலனிக்கு மேலே தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கட்டிய காட்டேஜ்களில் வார இறுதிக்கு வார இறுதி கார் நிற்க இடமில்லை. மாஸ்க்கும் கிடையாது, கதவில் காகிதமும் கிடையாது. எங்கள் ஊற்றிலிருந்து மோட்டார் போட்டு அவர்கள் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள், கோடையில் எங்கள் குழாயில் காற்றுதான் வருகிறது. இப்போது உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே முதல் சுற்றுலாக்காரர்களுக்கு மறுபடி இ-பாஸ். வண்டியை எண்ணுகிறார்கள். தண்ணீரை எண்ண ஆள் இல்லை. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

சின்னவனுக்கு ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அன்று அவனுக்குப் பத்து வயது, 12க்குக் கீழே அரசுத் திட்டத்தில் கிடையாது. அவனுக்குப் 12 ஆனபோது எங்கள் பக்கம் முகாமே இல்லை. ஆனால் பத்து வயதில் பள்ளிக்கு வந்து போடுகிற டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தான். அதற்குப் பெற்றோர் குழுவில் ஒருவர்கூடப் பயமுறுத்தி வாய்ஸ் மெசேஜ் அனுப்பவில்லை.